எஃப் ஒன் பிள்ளையார்

"திருடி."

சிவபாலன் அந்தச் சொல்லைக் கத்திச் சொல்லவில்லை. வாயில் இருந்த பாக்கைத் துப்புவது போல, போகிற போக்கில்தான் போட்டான். ஆனால் அட்டை குத்தும் மெஷின் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கூடத்தில் நின்ற ஒருவர் காதுக்கும் அது தப்பவில்லை.

நதியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டப் போனவள். தன் ஊர் முசரவாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். அப்படியே திரும்பினாள்.

"யாரைச் சொன்னீங்க?"

"இங்க வேற யாரு டிசைன் போடறாங்க? உன்னத்தான். எங்கப்பா போட்ட டிசைனை எடுத்து, உன் பேரைப் போட்டுக்கினு மெட்ராசுக்கு அனுப்பப் பாக்கறியே, அதுக்கு இன்னா பேரு?"

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பஞ்சாட்சரத்தின் டிசைன் கூடம் தெரியாத தறிக்காரர் கிடையாது. பட்டுப் புடவையின் பூவும் பறவையும் அங்கேதான் பிறக்கின்றன. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவது நதியா. அந்தக் கட்டங்களை நீள அட்டைகளில் துளைகளாகக் குத்துவது புவனேஸ்வரி. அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டிவிட்டால், எந்த இழையை எப்போது தூக்குவது என்று தறி தெரிந்துகொள்ளும். அன்று சாயங்காலமும் அட்டை வாங்கிப் போகத் தறிக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் எதிரில்தான் அந்தச் சொல் விழுந்தது.

சென்னையில் பட்டு வடிவமைப்புப் போட்டி ஒன்று நடக்க இருந்தது. வரைந்தவர் பெயரோடு டிசைனை அனுப்ப வேண்டும். தேர்வானால் அந்தப் பெயர் புடவையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும். எல்லா டிசைன்களையும் புரட்டிப் பார்த்த பஞ்சாட்சரம் ஒன்றைத்தான் எடுத்து வைத்தார். முந்தானை முழுக்கத் தண்ணீர். தண்ணீரில் வரிசையாகக் கறுப்புப் பறவைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளை நாமம். நாமக்கோழி.

"சிவன் கோயில் வூட்டுக்காரன் கூடத்துல நாமக்கோழியா!" என்று அவரே சிரித்துவிட்டு, "ஆனா அழகா கீதும்மா" என்று சொன்ன டிசைன். நதியா வரைந்தது. அவள் அம்மா பிறந்த ஊர் தென்னேரி. மழைக்காலம் முடிந்ததும் அந்த ஏரியில் இந்தக் கோழிகள் கூட்டம் கூட்டமாக மிதக்கும். கரையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தாள்.

இப்போது சிவபாலன் தன் போனை எடுத்துச் சித்தப்பா பஞ்சாட்சரத்தின் முகத்துக்கு நேராக நீட்டினான். மத்தியானம் கம்ப்யூட்டர் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தான்.

"நீயே படி சித்தப்பா. நாமக்கோழி ஃபைலு. எப்ப செஞ்சதுன்னு போட்டிருக்குது பாரு. சனவரி ஒண்ணு, ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. அப்ப இவ இஸ்கோல்ல படிச்சுக்கினு இருந்தா. இந்தக் கூடம் எந்தப் பக்கம்னே தெரியாது. எங்கப்பா கிராஃப் பேப்பர்ல போட்டுக் குடுத்தாரு, நான் காலேஜ் லீவுல வந்து ஏத்தினேன். இவ எடுத்து நாலு கோழிய இப்படி அப்படித் திருப்பி வெச்சுக்கினா."

பஞ்சாட்சரம் போனை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணன் இறந்து வருடங்கள் ஓடிவிட்டன. அண்ணன் கையால் போட்டது என்றதும் போனைத் திருப்பித் தர மனம் வரவில்லை. நதியாவைப் பார்த்த பார்வை மாறியிருந்தது.

"இன்னாமா இது?"

"சார், அது பொய்த் தேதி. அந்த மெஷினுக்குத் தேதியே நிக்காது. ஆடி மாசத்துலேர்ந்து அப்படித்தான். நான் சிவாண்ணாகிட்ட சொல்லிக்கினேதான் இருந்தேன். பேட்டரி செத்துப் போச்சு, மாத்துங்கண்ணான்னு."

"எங்கிட்டயா? எப்போ?" என்றான் சிவபாலன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

பொய்யைவிட, அது வந்த வேகம்தான் நதியாவை அடித்தது.

"கம்ப்யூட்டர் எதுக்குமா பொய் சொல்லப் போகுது?" என்றார் பஞ்சாட்சரம். "மனுசங்களுக்கு ஆசை இருக்கும், கோபம் இருக்கும். அதுக்கு இன்னா இருக்குது?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல சார். அதனாலதான் யாரு இன்னா தேதி குடுத்தாலும் எழுதிக்கும். இப்பவே போட்டுக் காட்டறேன், வாங்க. மூலையில தேதியப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

அவள் அறைப் பக்கம் திரும்பினாள். பஞ்சாட்சரம் கையை உயர்த்தினார்.

"விளக்கு வெச்சாச்சுமா."

அந்த வீட்டில் அது ஒரு சட்டம். முன்பு ஒரு தரம் மின்கசிவில் பக்கத்து அறையில் இருந்த பாவு நூலும் ஜரிகையும் கருகிப் போயின. அன்றிலிருந்து, சாயங்காலம் விளக்கு வைத்ததும் பஞ்சாட்சரம் தன் கையாலேயே மெயினை இறக்குவார். காலையில் கற்பூரம் காட்டிவிட்டுத் தன் கையாலேயே ஏற்றுவார். இடையில் ஏகாம்பரநாதரே வந்து கேட்டாலும் ஏற்ற மாட்டார். மெயின் தினமும் இறங்குவதால்தான் அந்தக் கம்ப்யூட்டர் தினமும் தேதியை மறந்தது. ஆனால் அதை நின்று விளக்க அப்போது யார் விட்டார்கள்?

"அன்னம், யாளி, மயிலு, ருத்ராட்சம்னு எங்க பரம்பரையே தறி மேல உக்காந்து வந்தது," என்று சிவபாலன் தறிக்காரர்கள் பக்கம் திரும்பிப் பேசினான். "முசரவாக்கத்துல ஏதுபா தறி? பட்டு நூல் வாசனையே படாத வூட்லேர்ந்து வந்து, நம்மளுக்கே டிசைன் போடக் கத்துக் குடுக்கறாங்க."

சிலர் கையில் இருந்த அட்டைக் கட்டை உற்றுப் பார்த்தார்கள். குமரன் என்ற தறிக்காரர் மட்டும், "பேச்சை அளந்து பேசு சிவா," என்று முனகினார். அதற்கு மேல் அவரும் போகவில்லை.

நதியாவின் முகம் சிவந்தது. அழுகை வரப் போகிறது என்று சிவபாலன் எதிர்பார்த்தான். வரவில்லை.

"ஆமா, எங்கூர்ல தறி இல்ல. அதனாலதான் அன்னமும் யாளியும் போடல. நான் பாத்த கோழியப் போட்டேன். உங்கப்பா நெத்தியில விபூதி இல்லாம டீ கூட குடிக்க மாட்டாருன்னு நீங்களே சொல்லுவீங்க. அவரு நாமம் போட்ட கோழிய வரைஞ்சு வெச்சாரா? தென்னேரி ஏரிக்கரைக்கு ஒரு நாள் போயிருப்பாரா?"

குமரன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். பஞ்சாட்சரத்தின் முகத்தில்கூட ஏதோ அசைந்தது. ஆனால் கையில் இருந்த போனில் தேதி பளிச்சென்று தெரிந்தது.

"காலைல பேசிக்கலாம்," என்றார்.

"பேசிக்கலாம் சார். காலைல எல்லாரும் இருங்க. குமரண்ணா, நீங்களும் வாங்க. நான் மெஷினைப் போடறேன். போட்டதும் அது கறுப்புத் திரையில நின்னு, தேதி இல்ல, எஃப் ஒன் அழுத்துன்னு கேக்கும். யாரு திருடின்னு அதுவே சொல்லும்."

கோபத்தில் செய்த ஒரே தப்பு அதுதான். என்ன காட்டப் போகிறாள் என்பதை, காட்டக் கூடாத ஆளுக்கு எதிரிலேயே சொல்லிவிட்டாள்.

வீட்டில் அம்மா சம்பூர்ணம் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சோற்றுத் தட்டை எதிரில் வைத்தாள். "விடும்மா. வேற எடத்துல வேல கெடைக்காமயா போயிடும்? பெரிய எடத்துல மொறைச்சுக்கினு இன்னா ஆகப் போகுது?"

"வேலைக்கா நான் அழறேன்? நாளைக்கு எந்தக் கூடத்துக்குப் போனாலும், அந்தத் திருடிதானன்னு கேப்பாங்கம்மா. அந்தப் பேரோட நான் எங்க போறது?"

சம்பூர்ணம் தட்டை இன்னும் கிட்ட நகர்த்தி வைத்தாள். மகளுக்குச் சாதம் இறங்கவில்லை.

மறுநாள் காலை நதியா கூடத்துக்குள் நுழையும்போதே உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பஞ்சாட்சரம் இன்னும் கற்பூரத் தட்டைக் கையில் எடுக்கவில்லை. அதற்குள் மெயின் ஏறியது அவருக்குப் பிடிக்கவில்லை போலும். "இன்னிக்கு மெயினை நீ ஏன்டா போட்ட?" என்று சிவபாலனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் வந்துட்டேன் சித்தப்பா. புழுக்கமா இருந்துச்சு."

புவனேஸ்வரி அட்டை மெஷின் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள். குமரனும் வேறு சில தறிக்காரர்களும் வந்திருந்தார்கள். நேற்று வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். கேவலம் என்றால் எத்தனை காது முளைத்துவிடுகிறது!

"எல்லாரும் இருக்காங்கமா. போடு," என்றார் பஞ்சாட்சரம்.

"போடறதுக்கு முன்னாடி, அது எப்படி எழுந்துக்குதுன்னு சொல்லிடறேன் சார். அப்பதான் இன்னா பாக்கணும்னு தெரியும்." நதியா கம்ப்யூட்டர் மேஜைக்கு முன் நின்றாள். "பவர் வந்ததும் நம்ம டிசைன் சாஃப்ட்வேர் தானா வந்துடாது. விண்டோஸும் வராது. அதெல்லாம் டிஸ்குக்குள்ள கிடக்குது. டிஸ்க் எங்க இருக்குதுன்னே அந்த நேரத்துல மெஷினுக்குத் தெரியாது. முதல்ல முழிக்கிறது, உள்ள போர்டு மேல ஒரு சின்ன சிப்பு இருக்குது, அதுல எழுதி வெச்ச ஒரு புரோகிராம். அதுக்குப் பேரு பயாஸ்."

"ஜரிகை யாவாரம் பண்ற ஃபயாஸ் பாய் மாதிரியே கீது," என்றார் குமரன். நாலு பேர் சிரித்தார்கள்.

நதியா சிரிக்கவில்லை. "புதுசா ஒரு புடவை ஆரம்பிக்கணும்னா நீங்க இன்னா பண்ணுவீங்கண்ணா? வந்ததும் உக்காந்து நெய்ய முடியுமா?"

"அது எப்படி? மேல ஏறிக் கொக்கியெல்லாம் சரியா கீதான்னு பாக்கணும். கயிறு அறுந்திருக்கான்னு பாக்கணும். அட்டைய மாட்டணும். அப்புறம்தான் உக்காரணும்."

"அந்த மேல ஏறிப் பாக்கற ஆளுதான் பயாஸ். மெமரி இருக்குதா, கீபோர்டு இருக்குதா, டிஸ்க் இருக்குதான்னு ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாக்கும். எல்லாம் சரின்னா, எந்த டிஸ்க்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு பாத்து, விண்டோஸைத் தட்டி எழுப்பி, வேலைய அது கையில குடுத்துட்டு ஒதுங்கிக்கும். நாம அதைக் கவனிக்கவே மாட்டோம். ஏதாவது ஒண்ணு சரியில்லன்னாதான் திரையில நின்னு சொல்லும்."

"தேதிக்கும் அதுக்கும் இன்னாமா?" என்றார் பஞ்சாட்சரம்.

"தேதிய வெச்சிருக்கற கடிகாரமும் அந்த போர்டுலதான் சார் இருக்குது. மெயின் அணைச்சப்புறம் அது ஓடறதுக்கு, வட்டமா ஒரு சின்ன பேட்டரி. கைக்கடிகாரத்துல இருக்குமே, அது மாதிரி. அது செத்துட்டா பயாஸ் சாகாது, அது சிப்புல இருக்குது. ஆனா தேதி போயிடும். அப்புறம் காலைல எழுந்துக்கும்போது, இன்னிக்கு இன்னா நாளுன்னு அதுக்குத் தெரியாது. அந்த போர்டு செஞ்சவங்க வெச்ச முதல் தேதியிலேர்ந்து ஆரம்பிக்கும். நம்ம போர்டுக்கு அது ரெண்டாயிரத்துப் பன்னெண்டு, சனவரி ஒண்ணு."

"நெட் இருந்தா தேதி தானா சரியாயிடாதா? என் போன்ல ஆகுதே," என்றாள் புவனேஸ்வரி.

"ஆகும்க்கா. ஆனா டிசைன் வெளிய போயிடும்னு இந்த மெஷினுக்கு நெட்டே குடுக்கல இல்ல."

சிவபாலன் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டான். "கதை நல்லா கீது. மெஷினைப் போடு."

நதியா மெயினை இறக்கினாள். ஏற்றினாள். கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். எல்லாரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

ஒரு பீப். கறுப்புத் திரை கண் இமைக்கும் நேரம் வந்தது, போனது. எஃப் ஒன் கேட்கவில்லை. எதுவும் கேட்கவில்லை. நேராக விண்டோஸ் வந்து நின்றது. மூலையில் இன்றைய தேதி, இந்த நிமிடத்து நேரம்.

நதியாவுக்குக் காலடியில் தரை இல்லாதது போல் இருந்தது.

"எங்கமா உன் எஃப் ஒன்?" சிவபாலன் சுவரை விட்டு வந்தான். "பாத்துக்க சித்தப்பா. தேதி, நேரம் எல்லாம் டாண்ணு கீது. இந்த மெஷின் தேதி எப்பவுமே சரியாத்தான் இருந்துச்சு. ஒரு நாள்கூடத் தப்பினதே இல்ல. நேத்து பேசின பேச்சென்ன, கூட்டின கூட்டமென்ன!"

"நீங்க... நீங்க பேட்டரிய மாத்திட்டீங்க."

"நான் இன்னாத்துக்கு மாத்தறேன்? கெட்டிருந்தாதான மாத்த!"

பஞ்சாட்சரம் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் தீர்ப்பு இருந்தது. தறிக்காரர்களில் ஒருவர் செருப்பைத் தேடக் கிளம்பினார்.

நதியா திரையைப் பார்க்க முடியாமல் கண்ணைக் கீழே இறக்கினாள். கீபோர்டு. அதன் மேல் வரிசையில் ஒரு பொத்தான் மட்டும் சிவப்பாக இருந்தது. சந்தனம் காய்ந்து, அதன் மேல் குங்குமம் ஒட்டி, பழைய காயத்தின் பக்கு போல.

"புவனாக்கா," என்றாள் மெதுவாக. "இந்தப் பொட்டை யாருக்கா வெச்சது?"

புவனேஸ்வரி எட்டிப் பார்த்தாள். அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. "அட, எஃப் ஒன் பிள்ளையார்! சிவா தம்பிதான் வெச்சுது. ஆயுத பூஜை அன்னிக்கு. எல்லாரும் பொரி தின்னுக்கினு இருந்தோமே! 'தினமும் இவரை அழுத்தாம மெஷின் எழுந்துக்க மாட்டேங்குது, அதனால இவருதான் நம்ம கூடத்துப் பிள்ளையார், இவருக்குத்தான் முதல் பொட்டு'ன்னு சொல்லி வெச்சுது. முதலாளி, நீங்ககூட விழுந்து விழுந்து சிரிச்சீங்களே! சின்னதா ஒரு அருகம்புல்லுகூட வெச்சாங்க அது மேல."

செருப்பைத் தேடியவர் திரும்பி வந்தார்.

அந்த ஊரில் ஆயுத பூஜை அன்று பொட்டு வைக்காத சாமான் கிடையாது. தறிக்கு வைப்பார்கள், ராட்டைக்கு வைப்பார்கள், கத்தரிக்கோலுக்கு வைப்பார்கள், கம்ப்யூட்டருக்கும் வைப்பார்கள். ஆனால் கீபோர்டில் அத்தனை பொத்தான் இருக்க, ஒன்றுக்கு மட்டும் யார் வைப்பார்கள்? தினமும் அதன் தயவு வேண்டியிருந்தவன்தான் வைப்பான்.

"அது... சும்மா வெளையாட்டுக்கு," என்றான் சிவபாலன்.

"தினமும் அழுத்தினியா, இல்லியா?" பஞ்சாட்சரத்தின் குரல் தணிந்திருந்தது.

"எப்பவாவது கேக்கும். அது வேற எதுக்கோ. தேதிக்கு இல்ல. தேதி எப்பவும் சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்றேன்ல சித்தப்பா."

நதியா நிமிர்ந்தாள். தரை மறுபடி காலுக்கடியில் வந்துவிட்டது.

"இன்னொரு தரம் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும். ஆடி மாசத்துலேர்ந்து நேத்து வரைக்கும் இந்த மெஷின்ல தேதி சரியாத்தான் இருந்துச்சு. அப்படித்தானே?"

"ஆமா! எத்தனை தரம் சொல்றது?"

"போதும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டிசைன்கள் இருந்த இடத்தைத் திறந்தாள். தேதிவாரியாக வரிசைப்படுத்தினாள். "சார், கண்ணாடி போட்டுக்கினு வாங்க. இதைப் படிங்க. மஹாலட்சுமின்னு போட்டிருக்குதா?"

மஹாலட்சுமி பஞ்சாட்சரத்தின் ஒரே மகள். கார்த்திகையில் கல்யாணம் முடிந்து பெங்களூர் போனவள். முகூர்த்தப் புடவையின் முந்தானையில் தன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் ஜரிகையில் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, நதியாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து வரைய வைத்தாள்.

"இந்த டிசைன் எப்ப செஞ்சதுன்னு படிங்க சார்."

பஞ்சாட்சரம் குனிந்தார். உதடு அசைந்தது. "சனவரி ஒண்ணு. ரெண்டாயிரத்துப் பன்னெண்டு."

"அப்ப மஹாலட்சுமிக்கா இன்னா படிச்சாங்க?"

"மூணாங்கிளாஸ்..."

"மூணாங்கிளாஸ் படிக்கும்போதே மாப்பிள்ளை பேரைப் பட்டுல போட்டுட்டாங்களா சார்? உங்களுக்கே தெரியாம?"

குமரன் வாய்விட்டுச் சிரித்தார். இந்தத் தரம் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

"இதையும் பாருங்க. இது ஐயம்பேட்டைக்காரர் பொங்கலுக்குக் கேட்ட டிசைன். சனவரி ஒண்ணு. இது குமரண்ணாவோட தறியில இப்ப ஓடிக்கினு இருக்கற டிசைன். அதுவும் சனவரி ஒண்ணு. இங்க வரிசையா இறங்கிக்கினே வாங்க, ஆடியிலேர்ந்து நான் போட்டது அத்தனையும் அதே ஒரு நாள்தான். நேரத்தையும் பாருங்க, எல்லாம் நடுராத்திரிக்கும் விடிகாலைக்கும் நடுவுல. காலைல மெஷின் போட்டதும் அதுக்கு ராத்திரி பன்னெண்டு மணி." அவள் சிவபாலன் பக்கம் திரும்பினாள். "தேதி சரின்னா இத்தனையும் உங்கப்பா போட்டதுதான். வருசப் பொறப்பு அன்னிக்கு ராத்திரி தூங்காம உக்காந்து, தன் தம்பி மக கல்யாணப் புடவையையும் சேத்துப் போட்டு வெச்சாரு. சொல்லுங்க, சரிதானா?"

சிவபாலன் பேட்டரியை மாற்றிக் கடிகாரத்தைத் திருத்தியிருந்தான். பழைய டிசைன்களின் மேல் ஏற்கெனவே விழுந்துவிட்ட தேதியை அவன் நினைத்துப் பார்க்கவில்லை. பொய்யைப் பூசுகிற அவசரத்தில் சுவரின் ஒரு பக்கத்தை மட்டும் பூசிவிட்டான்.

"அதுக்குத்தான் விடியறதுக்குள்ள வந்து மெயினை ஏத்தினியா?" என்றார் பஞ்சாட்சரம். "சாமிக்கு முன்னாடி நீ ஏத்தினியா?"

சிவபாலன் பதிலில் நேற்றைய மிடுக்கு இல்லை. "மத்தியானம் அந்தத் தேதியப் பாத்ததும் தோணிச்சு. அவ்ளோதான். எங்கப்பா எத்தனை டிசைன் போட்டாரு! ஒரு எடத்துலயாவது அவரு பேரு வந்துச்சா சித்தப்பா? ஒரு தரம் கண்ணாடிப் பெட்டியில வந்தா இன்னான்னு..."

"உங்கப்பா பேரு வர்றதுக்கு எம்பேரு சாகணுமா?" நதியா எழுந்துவிட்டாள். "அவரு பேரு வரலேன்னா, அது யாரு குத்தம்? நான் பண்ணதா? இத்தனை டிசைன் போட்டவரு பேரைக்கூட இந்தக் கூடம் எங்கயும் எழுதி வைக்கல. அதைக் கேக்க உங்களுக்கு வாய் வரல. என்னத் திருடின்னு சொல்ல மட்டும் வந்துச்சு!"

அந்தக் கேள்வி யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கும் போனது. பஞ்சாட்சரம் தலையைச் சொறிந்தார். பிறகு, வீட்டுப் பெரியவர்கள் எல்லாக் காலத்திலும் செய்வதைச் செய்தார். அவளைத் தனியே கூப்பிட்டார்.

"உள்ள வாம்மா, ஒரு வார்த்தை. உன் பேரே போட்டு அனுப்பிடலாம். இன்னிக்கே கொரியர்ல போட்டுடலாம். இதை இதோட விட்டுடு. வூட்டு விஷயம். நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லா இருக்காது."

"நாலு பேருக்குத் தெரிஞ்சுதானே சார் என்னச் சொன்னாங்க? இங்க, இதே எடத்துல. அப்ப யாரும் என்னை உள்ள கூப்பிடல."

"இப்ப இன்னா பண்ணணும்ங்கற?"

"எங்க சொன்னாங்களோ அங்க திருப்பி எடுக்கணும். இல்லேன்னா என் டிசைனைக் குடுங்க, நான் கிளம்பறேன். எனக்குக் கண்ணாடிப் பெட்டி வேணாம்."

"சிவா, சொல்லுடா," என்றார் பஞ்சாட்சரம்.

சிவபாலன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வாசலில் வண்டி உறுமியது, தெருமுனை வரை அந்தச் சத்தம் கேட்டது. நேற்று அவ்வளவு சுலபமாகச் சொன்ன வாய், இன்று திறக்கவில்லை.

பஞ்சாட்சரம் மற்றவர்களைப் பார்த்தார். "சரி, சரி, வேலையப் பாருங்க. புவனா, மெஷினை ஓட்டு."

புவனேஸ்வரி மெஷின் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஓட்டறேன் முதலாளி. அந்தப் பொண்ணு கேட்டதைச் சொல்லுங்க, ஓட்டறேன்."

"நீயுமா?"

"நேத்து நான் கேட்டுக்கினு சும்மா நின்னேன். பிள்ளையாரு பொட்டு எனக்கு நேத்தே ஞாபகம் வந்திருக்கணும். வரல. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. இன்னிக்கும் சும்மா நின்னா எப்படி?"

குமரன் தன் அட்டைக் கட்டைத் தரையில் இறக்கி வைத்தார். "எனக்கும் அவசரம் இல்ல முதலாளி. கேட்டுட்டே போறேன்."

பஞ்சாட்சரம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கூடத்தின் நடுவுக்கு வந்தார். கனைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் சொல்றேன். நேத்து இங்க ஒரு தப்பு நடந்துடுச்சு."

"நடக்கல சார்," என்றாள் நதியா. "பண்ணாங்க."

அவர் அவளைப் பார்த்தார். அறுபது வயதைத் தாண்டிய அவரை இதுவரை யாரும் கூடத்தில் வைத்துத் திருத்தியதில்லை. கோபம் வந்து, வந்த வழியே போனது அவர் முகத்தில் தெரிந்தது.

"என் அண்ணன் பையன் பொய் சொன்னான்," என்றார். இந்தத் தரம் குரல் வாசல் வரை போயிற்று. "நான் அதை நம்பினேன். ஒரு போட்டோவுல தேதியப் பாத்துட்டு, கூட வேலை செய்யற பொண்ணு பேச்சை நான் நம்பல. நாமக்கோழி டிசைன் நதியா போட்டது. அவ திருடி இல்ல. நேத்து கேட்டவங்க அத்தனை பேருகிட்டயும் நீங்களே போய்ச் சொல்லுங்க."

யாரும் கைதட்டவில்லை. கைதட்டும் விஷயமும் இல்லை. புவனேஸ்வரி எழுந்து மெஷினை ஓட்டினாள். டக், டக் என்று அட்டையில் துளைகள் விழ ஆரம்பித்தன.

நதியா மேஜையில் கிடந்த ஈரத்துணியை எடுத்தாள். கீபோர்டின் மேல் வரிசையில் காய்ந்திருந்த பொட்டை அழுத்தித் துடைத்தாள்.

"ஐயையோ, பிள்ளையாரையா துடைக்கற?" என்றாள் புவனேஸ்வரி.

"பிள்ளையாரு கோயில்ல இருக்காருக்கா. இது, இன்னா கோளாறுன்னு மெஷின் தினமும் கேட்டப்ப, பதில் சொல்லாம தலைல தட்டி உக்கார வெச்ச எடம். நானும்தான் தட்டினேன். இனிமே ஏதாவது கேட்டா நிறுத்தி இன்னான்னு பாக்கணும்."

துணி சிவந்தது. பொத்தானில் எழுத்து தெரிந்தது.

மத்தியானம் கொரியருக்கு டிசைன் தயாரானது. பஞ்சாட்சரம் பேனாவைத் திறந்து, டிசைன் ஒட்டிய அட்டையின் மேல் பக்கம் எழுதப் போனார். நதியா கையை நீட்டினாள். அவர் ஒரு கணம் தயங்கிப் பேனாவைக் கொடுத்தார்.

'ரா. நதியா, முசரவாக்கம்' என்று எழுதினாள்.

"காஞ்சிபுரம்னு போட்டா போதுமேம்மா. ஊர் பேரு எதுக்கு?"

"இருக்கட்டும் சார்," என்றாள். "பட்டு வாசனை படாத ஊருன்னு சொன்னாங்க இல்ல?"

பேனாவை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.